முன்பின் அறியாதார்க்குச் செய்யும் உதவி

விருந்து என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் கொண்ட முதற்பொருள் புதுமை என்பதாம். விருந்தினர் என்பார் புதியராய் வந்தவர். அஃதாவது, நமக்கு முன்பின் அறிமுகமில்லாதவர். திருவள்ளுவரும் இல்வாழ்வானுடைய கடமைகளை எண்ணுமிடத்து விருந்தினரையும் சுற்றத்தாரையும் வேறுவேறாகவே வைத்து எண்ணினார். இக்காலத்து நாமோ, மாமன் மைத்துனர் வந்து தங்குவதையே விருந்து என்கிறோம். திருமணத்திற் பரிமாறும் பதினாறு வகைக் கறியையும் விருந்து என்கிறோம். அறியாதவன் வாயிலில் வந்து நின்றால் அவனுக்கு நாம் இட்டிருக்கும் பெயர் வேறு. அப்பெயரைக் கேட்டால் வாயிற்காவலன் உடனே எழுந்து நிற்பான். ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு தலைகீழாய்ப் புரண்டதற்குக் காரணம் என்னை என்று சில நாளாக எண்ணிவந்தேன். அவ்வெண்ணத்தைத் தூண்டியது நூலன்று. என்னிடத்தே நிகழ்ந்த ஒரு பிழை.

சென்ற தேர்வுக் காலத்தில் ஒருநாட் காலை, விருத்தாசலம் சந்திப்பில் வண்டி மாற வேண்டியவனாய் மேம்பாலப் படிகளில் விரைந்து ஏறிக்கொண்டிருந்தேன். நடுப்படியில் மூதாட்டி ஒருத்தி, நிரம்பிய கூடையொன்றை முன்னே வைத்து, தலையிற் சும்மாட்டைச் சுற்றி வைத்தபடி நின்று, என்னை நோக்கிக் கை நீட்டினாள். காசு கேட்கிறாள் என்று கருதி, சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, சில்லறை இல்லாமையால் தலையசைத்துவிட்டு மேலே சென்றேன். வண்டியில் அமர்ந்து சாளரத்தின் வழியே திரும்பிப் பார்த்தபோது, பள்ளிச் சீருடை அணிந்த சிறுமி ஒருத்தி தன் புத்தகப் பையைப் படியில் வைத்துவிட்டு, அக்கூடையின் ஒருபக்கத்தைப் பற்றித் தூக்கி மூதாட்டியின் தலைமேல் ஏற்றிவிட்டாள். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டனர். மூதாட்டி வேண்டியது காசன்று, கை. நானோ அவளைப் பாராமலே அவளுக்குத் தேவை இன்னதென்று முடிவு செய்துவிட்டேன்.

தலைச்சுமை எடுப்பாரைப் பற்றி நகரத்து மாணவர்க்கு ஒரு செய்தி சொல்லுதல் வேண்டும். பெருஞ்சுமையைத் தலையில் வைத்த பின்பு ஒருவர் காததூரமும் நடந்துவிடுவர். ஆனால் தரையிலிருந்து அதனைத் தாமே எடுத்துத் தலையில் வைத்தல் அரிது. ஆதலால் வழியிற் சுமையை இறக்கினால், திரும்ப ஏற்றிவிட மற்றொருவர் வருமட்டும் காத்திருத்தல் வேண்டும். இக்குறையை உணர்ந்தே நம் நாட்டுப் பெருவழிகளில் சுமைதாங்கிக் கற்களை நட்டனர். இரு கற்கள் நிமிர்ந்து நிற்க, அவற்றின்மேல் ஒரு கல் குறுக்கே கிடக்கும். தோளளவு உயரமுள்ள அக்கல்லின்மேற் சுமையைத் தள்ளி வைத்து இளைப்பாறி, பின்பு குனியாமலே தலையிற் கொண்டு செல்லலாம். கருவுற்ற நிலையிலே உயிர்நீத்த பெண்களின் நினைவாக அவர்தம் உறவினர் இக்கற்களை நட்டதும் உண்டு. இறக்கிவைக்க முடியாத சுமையோடு மாண்டவளுக்கு, எவர் சுமையையும் இறக்கிவைக்கும் ஒரு கல்லை நட்ட அந்த மனத்தை என்னென்று சொல்வது! அக்கல் யாரையும் ஊர் கேளாது, பெயர் கேளாது. மனிதர் இல்லாத இடத்தில் மனிதருடைய கை செய்யும் வேலையை அது செய்கின்றது. இன்று சாலைகளை அகலப்படுத்துவோர் அவற்றைப் பிடுங்கி ஓரத்தில் எறிந்திருப்பதைப் பல இடங்களிற் காணலாம். தலைச்சுமை குறைந்தது நன்றே. கல்லைப் பிடுங்கியவர் அதன் வரலாற்றையேனும் அறிந்திருக்கலாம்.

நான் அம்மூதாட்டியைக் கடந்து சென்றதற்கு என் நெஞ்சின் வன்மை காரணமா, அல்லது கைக்கடிகாரம் காரணமா? இவ்வினாவுக்கு ஓரளவு விடை தருவதான ஆராய்ச்சியொன்று அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் நகரில் நிகழ்ந்தது. டார்லி, பேட்சன் என்னும் உளநூலறிஞர் இருவர் அதனை 1973-இல் வெளியிட்டனர். குருத்துவக் கல்வி பயிலும் மாணவர் 40 பேரைத் தேர்ந்து, அடுத்த கட்டடத்திற்குச் சென்று ஒரு சிறு சொற்பொழிவு நிகழ்த்துமாறு ஏவினர். சிலர்க்குக் கொடுத்த பொருள் நல்ல சமாரியனுடைய உவமை. ஏனையோர்க்குக் கொடுத்தது, குருத்துவம் பயின்றவர்க்கு ஏற்ற தொழில்களைப் பற்றிய பொருள். செல்லும் வழியில் ஒரு மனிதன் கதவோரத்திற் சாய்ந்து, இருமி முனகிக்கொண்டு கிடந்தான். அவனை அங்கே இருத்தியவரும் அவ்வாராய்ச்சியாளரே. நேரம் மிகுதியாக இருக்கிறதென்று சொல்லி அனுப்பப்பட்டவருள் நூற்றுக்கு 63 பேர் அவனுக்கு உதவ முற்பட்டனர்; நேரம் சரியாக இருக்கிறதென்று கேட்டவருள் நூற்றுக்கு 45 பேர்; நேரம் கடந்துவிட்டது, விரைந்து செல்க என்று துரத்தப்பட்டவருள் நூற்றுக்கு 10 பேரே. கையிலே சமாரியனுடைய உவமையைக் கொண்டு சென்றமையால் உதவி மிகுந்ததென்று துணிந்து சொல்லக்கூடிய வேறுபாடு காணப்படவில்லை. அவ்வுவமையைப் பற்றிப் பேசுவதற்கே விரைந்து சென்ற ஒருவர், கீழே கிடந்தவனைத் தாண்டிச் சென்றதும் நிகழக்கூடியதாயிற்று.

இதனைப் படித்து நகைப்பது எளிது. ஆயினும் அவ்வறிஞர் மற்றொன்றும் எழுதினர்: நில்லாமற் சென்றவருட் பலர் அமைதியிழந்தவராய்ப் போய்ச் சேர்ந்தனர் என்பது. அவர்கள் இரக்கமற்றவரல்லர், தம்மை எதிர்நோக்கியிருந்த ஒருவருக்கும் வழியிற் கிடந்த ஒருவருக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டவர். விரைவு என்பது கண்ணை மறைக்கும் ஒரு திரை என்பதை அன்று மேம்பாலப் படியில் நானும் கண்டேன்.

நிற்க, நல்ல சமாரியனுடைய உவமையைப் படிப்போர் பலர் கவனியாது விடும் பகுதி ஒன்று உண்டு. எரிகோவுக்குச் செல்லும் வழியில் அடியுண்டு கிடந்தவனுடைய காயங்களைக் கட்டிய பின்பு, சமாரியன் அவனை ஒரு சத்திரத்திற்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, சத்திரக்காரனிடம் பணம் கொடுத்துவிட்டுத் தன் வழியே செல்லுகிறான். அவனுக்கும் அலுவல் இருந்தது. கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சத்திரம் இருந்தமையால் அவனுடைய இரக்கம் ஒரே இரவில் தளர்ந்துபோகாமல் நிலைபெற்றது. திடீரென்று தோன்றும் அன்பு தங்குவதற்கும் ஓர் இடம் வேண்டும் போலும். வீட்டின் முகப்பிலே தெருவை நோக்கித் திண்ணையைக் கட்டி, வழிப்போக்கன் கதவைத் தட்டாமலே படுத்துறங்குமாறு விட்டனர் நம்மவர். கோடையிலே தண்ணீர்ப் பந்தலிட்டனர். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1801-இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்றில் தம் நாட்டுச் சத்திரங்களைப் பற்றி விரித்துரைத்துள்ளார். எந்நாட்டினராயினும் வழிப்போக்கர்க்கு அங்கே உணவு அளிக்கப்பட்டது. நோயுற்றார்க்கு மருத்துவம் செய்யப்பட்டது. கருவுற்று வந்த பெண் அங்கேயே மகப்பெற்றால் அவளையும் குழந்தையையும் பேணினர்.

இப்பெருமையை மட்டும் கூறி நிறுத்தினால் உண்மையிற் பாதியை மறைத்தவனாவேன். அதே திண்ணையில் அமர்ந்த வழிப்போக்கனை, நீர் எந்த ஊர், என்ன குலம் என்று கேட்ட பின்பே சொம்பு கொடுத்தவரும் உண்டு. தண்ணீர்ப் பந்தலிலே சிலர்க்குக் குவளையும், சிலர்க்குத் தொலைவில் நிறுத்தி மூங்கிற் குழாயின் வழியே வார்த்த நீரும் இருந்தன. தாகம் இருவர்க்கும் ஒன்றே, நீரும் ஒன்றே. கொடுக்கும் கைக்கும் கொள்ளும் கைக்கும் நடுவே ஒரு வினா வந்து நின்றது: இவன் யார்? விரைவு ஒரு திரையாயின், இவ்வினா ஒரு சுவராயிற்று.

இச்சுவரைப் பற்றி நான் அறிந்த கதைகளுள் மிகக் கடுமையானது பெண்ணாடத்துக் கதை. விருத்தாசலத்திற்குத் தெற்கே, வெள்ளாற்றை அடுத்து, புகைவண்டிப் பாதையின்மீது அமைந்த அவ்வூரைப் பெண்ணாகடம் என்று வழங்குவது பழைய வழக்கு. துயிலும் யானையின் பின்புறத்தை ஒத்த கருவறை விமானத்தை உடைமையால் அங்குள்ள சிவாலயம் தூங்கானைமாடம் எனப் பெயர்பெற்றது. மெய்கண்டார் பிறந்த ஊரும் அதுவே என்பர். அவ்வூரில் வாழ்ந்த வணிகர் ஒருவரே, சேக்கிழார் பெரிய புராணத்தில் வைத்துப் பாடிய கலிக்கம்ப நாயனார். நாடோறும் தம் மனைக்கு வரும் அடியாரை, ஊர் பேர் வினவாது, பாதம் விளக்கி அமுது செய்விப்பது அவர் வழக்கம். நாயனார் பாதத்தைப் பற்றுவார். அவர் மனைவியார் கரகத்திலிருந்து நீர் வார்ப்பார். எத்தனையோ ஆண்டு, எத்தனையோ பாதம். அவ்விருவர் கைகளும் ஓர் ஒழுங்கிற் பழகியிருந்தன.

ஒருநாள் வந்த அடியாருள் ஒருவன், முன்பு அந்த வீட்டிலேயே ஏவற்பணி செய்து, பின்பு வெறுத்து நீங்கியவன். இப்போது அடியார் வேடத்தோடு வந்து நின்றான். நாயனார் அவன் காலைப் பற்றினார். அம்மையார் முகத்தைப் பார்த்தார். நம் வீட்டிற் பணி செய்தவனல்லனோ இவன் என்னும் நினைவு எழுந்தது. கரகம் சாயவில்லை. ஒருகணமே நீர் வரத் தாழ்த்தது. கணவர் நிமிர்ந்து நோக்கிக் காரணத்தை உணர்ந்துகொண்டார். வாளை எடுத்து அம்மையாரின் கையைத் துணித்தார். பின்பு தாமே கரகத்தை ஏந்தி அவன் பாதத்தை விளக்கி, அமுதும் படைத்தார்.

இக்கதையைப் படித்து எவரேனும் அவ்வாளைப் போற்றுவாராயின் அவரோடு நான் உடன்படேன். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் இவ்விடத்தை வெறுப்போடுதான் படித்துவருகிறேன். ஒருவனுக்குச் செய்யும் அன்பின்பொருட்டு மற்றொருத்தியின் கையை வெட்டுதல் எந்த அறத்தாலும் தகாது. அதிலும் ஆண்டுக்கணக்காகத் தன்னோடு நின்று நீர் வார்த்தவளின் கை! வகுப்பிலே இதனைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுவது வழக்கம். மாணவியர் எவரேனும் எழுந்து வினவினால் என் செய்வது என்னும் அச்சமே காரணம் என்று எண்ணுகிறேன்; வினவுதலே தக்கது.

ஆயினும் வாளை ஒதுக்கிவிட்டு அதற்கு முந்திய அந்த ஒரு கணத்தைப் பார்க்குமாறு வேண்டுகிறேன். அம்மையார் கொடியவரல்லர். அறியாதவர் ஆயிரவர்க்கு நீர் வார்த்தவர். அறிந்த ஒருவன் வந்தபோதே அவர் கை நின்றது. முற்றும் அறியாதவனுக்கு உதவுவது ஒருவகையில் எளிது. அவனுடைய பழமை நமக்குத் தெரியாது. இவன் நம்மிடம் ஊழியஞ் செய்தவன், இவன் தந்தை இன்ன தொழில் செய்தான், இவன் கடன் வாங்கித் தாராதவன் என்றெல்லாம் தெரிந்த பின்பு அவன் காலைக் கழுவுவதே அரிது. நம் ஊர்களிலே வெளிநாட்டானுக்கு நாற்காலி போட்டு இளநீர் வெட்டிக் கொடுப்பவர், சேரியிலிருந்து வந்த தம் ஊரானை வாயிலில் நிறுத்திப் பேசுவதைக் கண்டிருக்கிறோம் அல்லமோ? முன்பின் அறியாதவன் என்று சொல்லுகிறோம். உண்மையிலே நாம் அறிந்ததாகக் கருதும் அளவே நம் கையைத் தடுக்கின்றது. நானும் அம்மூதாட்டியை அறியாமலிருந்து தவறினேனல்லேன். அறிந்துவிட்டதாக எண்ணித் தவறினேன்.

இந்த வினாவே எழாதபடி ஓர் அடுப்பை மூட்டியவர் நம் மாவட்டத்தார். மருதூரிற் பிறந்த இராமலிங்க அடிகள், 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரிலே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அவ்வூரார் மனமுவந்து கொடுத்த நிலத்திலே அது எழுந்தது. பசியொன்றே அங்கே உண்ணவருவாரின் தகுதி. குலமும் சமயமும் வினவப்படுவதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்பட்டு வருகின்றது. பந்தியில் இடமும் வலமும் அமர்ந்திருப்பார் யாவர் என்று அறியாமலே ஒருவர் உண்டு எழுந்து போகலாம். அவ்வாறு ஒருமுறை நான் உண்டபோது பக்கத்திலிருந்த முதியவர், தம் இலையிலிருந்த ஊறுகாயை என் இலைக்குத் தள்ளி, தமக்கு ஆகாதென்று கையாற் குறிப்புக் காட்டினார். அவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது; ஆனால் வடலூர் என்றதும் என் நினைவில் முதலில் வருவது அக்கையே.

ஒழுங்காக நடக்கும் அறச்சாலையை விட்டு, முன்னேற்பாடு ஒன்றுமில்லாத நாளொன்றைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையிற் புகுந்து 600-க்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. கரையோரத்து மீனவக் குடும்பங்கள் உடுத்த உடையோடு ஊர்களை நோக்கி ஓடின. சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் முஸ்லிம் ஜமாஅத்தைச் சேர்ந்தோர், எவரும் ஏவுமுன்னரே அடுப்பு மூட்டிச் சோறு சமைத்து, அம்மீனவர்க்கு நாட்கணக்காக உணவளித்தனர். உடலங்களை எடுத்து அடக்கஞ் செய்யவும் கைகொடுத்தனர். வழிபாடு வேறு, தொழில் வேறு, தெரு வேறு. அந்நாளில் இவன் யார் என்னும் வினாவுக்குப் பொழுதில்லாமற் போயிற்று. பிரின்ஸ்டன் மாணவரின் விரைவு உதவியைத் தடுத்தது. பரங்கிப்பேட்டையாரின் விரைவு வினாவைத் தடுத்தது. விரைவிலும் இருவகை உண்டு என்பதை ஆராய்ச்சியாளர் இனிமேல் எழுதினால் நன்று.

பெரிய இடர் வந்தால் யாவரும் நல்லவர். சிறிய நாட்களிலே உதவி செய்யப் பலர் கூசுவது எதனால்? நான் கொடுக்கும் இச்சிறு பொருள் அவனுக்கு என்ன ஆகும், தவறாக எண்ணிக்கொள்வானோ என்னும் ஐயமே பெரும்பாலும் தடுக்கின்றது. அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்னும் இரு பேராசிரியர் இவ்வையத்தை ஆராய்ந்து 2022-இல் முடிவை வெளியிட்டனர். சிகாகோ நகரத்துப் பூங்காவிலே, குளிர்காலத்தில் பனிச்சறுக்கு ஆடவந்தோரிடம் சூடான சாக்கலேட்டுப் பானத்தைக் கொடுத்து, நீரே பருகலாம், விரும்பினால் அறியாதவர் ஒருவர்க்கு ஈயலாம் என்றனர். ஈந்தவரைத் தனியே அழைத்து, பெற்றவர்க்கு எவ்வளவு மகிழ்ச்சி இருக்கும் என்று கேட்டனர். பெற்றவரையும் தனியே கேட்டனர். ஈந்தவர் நினைத்ததைக் காட்டிலும் பெற்றவரின் மகிழ்ச்சி மிகுதியாக இருந்தது. காரணம் யாதெனின், கொடுத்தவர் குவளையின் விலையை எண்ணினார்; பெற்றவர், அறியாத ஒருவர் தம்மை நினைத்தாரே என்பதை எண்ணினார். இத்தகைய உதவியைப் பெற்றவர், பின்பு முகமறியாத மூன்றாம் ஒருவருக்குப் பகிர்ந்தளிக்க நேர்ந்தபோது, தாராளமாகவே அளித்தனர் என்பதும் அவர்கள் கண்டது. வடலூர்ப் பந்தியில் என் இலைக்கு வந்த ஊறுகாயின் விலை என்ன? முதியவரும் அதனைப் பெரிதாக நினைத்திரார். என்னைக் கேட்டாலன்றோ தெரியும்!

இவ்வாராய்ச்சிகளையெல்லாம் எழுதிவைத்த பின்பு, சென்ற மாதம் பெண்ணாடத்திற்குச் சென்றேன். கோயிலைச் சுற்றிவந்து அவ்விமானத்தின் வளைந்த பின்புறத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. நிலையத்திற்குத் திரும்பும் வழியில், வாய்க்கால் கரையோரம் நடுவயதுப் பெண் ஒருத்தி, புல்லுக்கட்டைத் தரையில் வைத்து, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். வண்டிக்கு இன்னும் பத்து நிமிடமே இருந்தது. என் கால்கள் அவளைக் கடந்து நாலடி சென்றன என்பதை மறைப்பானேன்? "ஐயா, ஒரு கை கொடுங்க" என்ற குரல் பின்னே வந்தது. திரும்பிவந்து, பையைக் கல்லின்மேல் வைத்துவிட்டு, கட்டின் ஒருபுறத்தைப் பற்றினேன். மழைநீரை ஊறிக் குடித்திருந்த அப்புல், பார்வைக்குத் தோன்றியதைப்போல் இருமடங்கு கனத்தது. தூக்கத் தெரியாமல் முதலில் ஒருபக்கமாகச் சாய்த்துவிட்டேன். அவள் நகைத்து, "மொழங்கால்ல முட்டுக் குடுத்துத் தூக்குங்க" என்று எனக்குப் பாடஞ் சொன்னாள். இரண்டாம் முறை கட்டு தலைமேல் அமர்ந்தது. எந்த ஊர் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் வரப்பின்மேல் நேரே நடந்து சென்றாள். புல்லிலிருந்து வடிந்த நீர் என் தோளிற் பட்டு நனைந்திருந்தது. வண்டி ஏறி அரியலூர் தாண்டும் வரையும் அது உலரவில்லை.